கைப்பிடி வைத்த கணினி: சிறு கேபினெட்டின் வரலாறும் தேர்வும்

மேசைக் கணினியின் உறுப்புகளைத் தாங்கும் பெட்டிக்குச் சென்னைக் கடைகளில் வழங்கும் பெயர் 'கேபினெட்'. வெளிநாட்டு விளம்பரங்களில் 'கேஸ்' என்றும் 'சேசிஸ்' என்றும் வரும். தமிழில் 'கணினிப் பெட்டி' என்று எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றே. இவற்றுள் 20 லிட்டருக்கும் குறைவான கொள்ளளவு உடையவற்றைச் 'சிறு வடிவப் பெட்டி' என்று சொல்வது வழக்கம். எல்லை கறாரானது அன்று.

கணினிப் பெட்டியை லிட்டரில் அளப்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். சென்னை வீடுகளில் இதற்கு எளிய உவமை கைவசம் உள்ளது: குடிநீர் கேன். அதன் கொள்ளளவு 20 லிட்டர். வழக்கமான பெரிய கேபினெட் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை கேன் இருக்கும். சிறு வடிவப் பெட்டி ஒரு கேனுக்குள் அடங்கும். மிகச் சிறியவை அரைக் கேனுக்கும் குறைவு.

விளையாட்டுக்கான கணினியை இப்படி ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கி, வீட்டுக்கும் விடுதிக்கும் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற விருப்பம் இன்றைய இளைஞர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. விருப்பம் புதிதன்று. கணினியைத் தூக்கிச் செல்லும் பொருளாக்கி முதன்முதலில் பெருமளவில் விற்றுக் காட்டியவர் திருவண்ணாமலையில் வளர்ந்த ஒருவர்.

ஆடம் ஆஸ்போர்ன்

ஆடம் ஆஸ்போர்ன் 1939 மார்ச் 6 அன்று பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். தாய் லூசியா போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போர் கிழக்காசியாவுக்குப் பரவும் முன்பே குடும்பம் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. தந்தை மட்டும் பணிக்காகப் பாங்காக் திரும்பி, அங்கே ஜப்பானியரின் தடுப்பு முகாமில் போர் முடியும்வரை அடைபட்டிருந்தார். விடுதலையான பின் ரமண மகரிஷியின் அடியவராக வாழ்ந்து, 1964இல் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவரும் அவரே. ஆன்மிக நூல்களைப் படிப்பவர்களுக்குத் தந்தையின் பெயர் தெரியும், கணினித் துறையினருக்கு மகனின் பெயர் தெரியும். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆடம் தம் பதினொன்றாம் வயதில் இங்கிலாந்து சென்றார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நுண்கணினிகள் அப்போதுதான் தலைகாட்டிய காலம். அவற்றுக்கு விளக்க நூல்கள் எழுதி விற்றார். அவருடைய நூல் வெளியீட்டு நிறுவனத்தை 1979இல் மெக்ரா-ஹில் வாங்கிக்கொண்டது. அந்தப் பணமும், பயனர்கள் எதற்கு அல்லல்படுகிறார்கள் என்று கண்ட அனுபவமும் சேர்ந்து ஒரு கணினியாக உருவெடுத்தன.

வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' அறிமுகமானது. விலை 1,795 டாலர். எடை ஏறக்குறைய 11 கிலோ. அதற்கு முன்பு 1975இல் ஐபிஎம் வெளியிட்ட 5100 என்ற கணினியும் 'தூக்கிச் செல்லத்தக்கது' என்றே அழைக்கப்பட்டது. அதன் எடை 20 கிலோவுக்கு மேல். விலையோ பல ஆயிரம் டாலர். சாதாரண ஆள் வாங்கித் தூக்கிய முதல் கணினி ஆஸ்போர்ன்தான்.

அந்தப் பெட்டியின் வடிவம் கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய 52 செ.மீ. அகலம், 33 செ.மீ. ஆழம், 23 செ.மீ. உயரம். கணக்கிட்டால் 39 லிட்டர், அதாவது இரண்டு தண்ணீர் கேன். விமான இருக்கையின் அடியில் செருக வேண்டும் என்பது வடிவமைப்பின் இலக்கு. விசைப்பலகையே பெட்டிக்கு மூடி. மூடிக் கொக்கியிட்டால் திரையும் நெகிழ்வட்டு இயக்கிகளும் பாதுகாப்பாக உள்ளே போய்விடும். வட்டுகளை வைக்க முகப்பிலேயே இரண்டு பைகள். பின்புறம் கைப்பிடி. தையல் இயந்திரத்தை மரப்பெட்டியில் தூக்கிச் செல்லும் தோற்றம். உள்ளே இசட்80 செயலி, 64 கிலோபைட் நினைவகம், 5 அங்குலத் திரை. அந்தத் திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகள் மட்டுமே தெரியும். நீண்ட வரியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

இதில் மின்கலம் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. தூக்கிச் செல்லலாம், ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் மின்செருகி இருந்தால்தான் இயங்கும். மடிக்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் இடைப்பட்ட இந்த இனத்தை ஆங்கிலத்தில் 'லக்கபிள்' என்று சற்றே கேலியாக அழைத்தார்கள். இன்று இளைஞர்கள் ஆசைப்படும் சிறு விளையாட்டுக் கணினியும் இதே இனம்தான். ஒரு வேறுபாடு உண்டு: ஆஸ்போர்னில் திரை உள்ளேயே இருந்தது. இன்றைய சிறு பெட்டியில் திரை இல்லை. அந்த வகையில் 1981இன் பெட்டி இன்றையதைவிட நேர்மையான பயணக் கணினி எனலாம்.

'தேவைக்குப் போதுமானது போதும்' என்பது ஆஸ்போர்னின் வணிகக் கொள்கை. மிகச் சிறந்த உறுப்பைத் தேடாமல், ஒன்றோடு ஒன்று பொருந்தி வேலை செய்யும் சராசரி உறுப்புகளைச் சேர்த்து, எழுத்துச் செயலி, கணக்குத் தாள் முதலிய மென்பொருள்களையும் உடன் கொடுத்தார். உச்ச காலத்தில் மாதம் 10,000 கணினிகள்வரை விற்றன. ஆனால் 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அடுத்த கணினியை முன்கூட்டியே அறிவித்ததால் இருப்பது விற்காமல் தேங்கியது என்பது பரவலான விளக்கம். 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற சொல் இதனால் வணிகவியல் பாடத்தில் இடம்பெற்றது. நிர்வாகக் குறைகளும் போட்டியுமே உண்மைக் காரணம் என்று மறுப்போரும் உண்டு.

ஆஸ்போர்ன் பின்னர் 'பேப்பர்பேக் சாஃப்ட்வேர்' என்ற நிறுவனம் தொடங்கி, லோட்டஸ் நிறுவனத்துடனான வழக்கில் தோற்றார். உடல்நலம் குன்றிய நிலையில் 1992இல் இந்தியா திரும்பி, கொடைக்கானலில் சகோதரியுடன் வாழ்ந்தார். 2003 மார்ச் 18 அன்று அங்கேயே காலமானார்.

தூக்குப் பெட்டி மறைந்ததும் மீண்டதும்

காம்பேக் நிறுவனம் 1982 நவம்பரில் அறிவித்து 1983இல் விற்ற 'காம்பேக் போர்ட்டபிள்' இன்னும் கனமானது, ஏறத்தாழ 13 கிலோ. ஆனால் ஐபிஎம் பிசியின் மென்பொருள்கள் அதில் ஓடின. முதல் ஆண்டிலேயே 53,000 விற்றது. மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினிகள் மலிந்ததும் தூக்குப் பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் அந்த இனமே ஏறக்குறைய அழிந்தது.

அதை மீட்டவர்கள் விளையாட்டாளர்கள். 1990களில் 'டூம்', 'குவேக்' போன்ற ஆட்டங்கள் வந்தபோது, வேகமான இணையம் இல்லாததால் பலரும் தத்தம் கணினிகளை ஓரிடத்துக்குத் தூக்கி வந்து கம்பியால் இணைத்து ஆடினார்கள். சுவீடனின் டிரீம்ஹேக், அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய குவேக்கான் ஆகியவை இப்படி வளர்ந்த கூடல்கள். 20 கிலோ இரும்புப் பெட்டியையும் கண்ணாடிக் குழாய்த் திரையையும் காரில் ஏற்றி இறக்கியவர்களுக்குச் சிறிய பெட்டியின் அருமை தெரிந்தது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கு யாரும் கணினியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆட்டக்காரர்தான் கணினி இருக்கும் இடம் தேடிப் போனார். 2000களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு இருந்த பிரவுசிங் சென்டர்களில் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்', 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆகியவற்றை மணிக்கணக்குக் கட்டணத்தில் ஆடியவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். சொந்தக் கணினியைத் தூக்கிச் செல்லும் எண்ணம் இங்கே பரவியது, பிள்ளைகள் கல்லூரி விடுதிக்கும் வேலை பார்க்கும் ஊருக்கும் இடம்பெயரத் தொடங்கிய பிறகுதான். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய பின், 'கணினி என்பது கையோடு வருவது' என்று நினைக்கும் ஒரு தலைமுறையே உருவானது.

பலகை சுருங்கிய கதை

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது பெட்டி செய்பவர் அல்லர், உள்ளிருக்கும் தாய்ப்பலகை. இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் பலகையின் அளவு 30.5 × 24.4 செ.மீ. 1997இல் வந்த மைக்ரோ-ஏடிஎக்ஸ் 24.4 செ.மீ. சதுரம். 2001இல் தைவானின் வியா நிறுவனம் மினி-ஐடிஎக்ஸ் என்ற 17 செ.மீ. சதுரப் பலகையை முன்வைத்தது. ஏடிஎக்ஸின் பரப்பில் இது ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை.

வியாவின் நோக்கம் விளையாட்டு அன்று. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் தன் செயலிகளைத் தொழிற்கருவிகளிலும் வீட்டுத் தொலைக்காட்சிக்கு அருகிலும் வைக்க வழிதேடியது. அதே 2001இல் ஷட்டில் நிறுவனம் தன் சொந்த அளவுப் பலகையோடு காலணிப் பெட்டி போன்ற கணினிகளை விற்கத் தொடங்கியது. கூடல்களுக்குச் செல்வோர் அவற்றை விரும்பி வாங்கினர். ஆனால் பலகை பழுதானால் ஷட்டிலிடமே போக வேண்டும். பொதுத் தரம் இல்லாத சிறு பெட்டியின் நிரந்தரக் குறை இது. இன்றும் சில மினி கணினிகளுக்கு இது பொருந்தும்.

மினி-ஐடிஎக்ஸ் பலகையில் முழு அளவு கிராஃபிக்ஸ் கார்டு செருகும் இடம் 2000களின் இறுதியில் பரவலானது. அதன் பிறகே பொதுத் தரத்தில் அமைந்த சிறு விளையாட்டுக் கணினி சாத்தியமாயிற்று. அடுத்த தடை எஸ்எம்பிஎஸ். வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் சுமார் 15 × 14 × 8.6 செ.மீ., அதாவது 1.8 லிட்டர். எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறு வகை 12.5 × 10 × 6.35 செ.மீ., அதாவது 0.8 லிட்டர். ஒரு லிட்டர் மிச்சம். எஸ்எஃப்எக்ஸ் தரம் 1990களிலேயே இருந்தாலும், கனத்த கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போதிய திறனோடு அது கடைக்கு வர 2010கள் ஆயின.

மூன்று பெட்டிகள்

2012 வாக்கில் இரண்டு ஆர்வலர்கள் தங்களுக்கு வேண்டிய பெட்டியைச் சந்தையில் காணாமல் தாங்களே வரைந்தார்கள். தைவானின் லியான் லி ஆலையில் அலுமினியத்தில் செய்வித்து, 2013இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி விற்றார்கள். அதுதான் என்கேஸ் எம்1. அளவு 16 × 24 × 32.8 செ.மீ., 12.6 லிட்டர். பெரிய நிறுவனங்கள் இலாபம் இல்லை என்று ஒதுக்கிய இடத்தில் ஆர்வலர்கள் நுழைந்த தருணம் இது.

2016இல் ஜெர்மனியிலிருந்து டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் வந்தது. 7.2 லிட்டர், ஒரு தண்ணீர் கேனில் மூன்றில் ஒரு பங்கு. தாய்ப்பலகையையும் கிராஃபிக்ஸ் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, இடையே 'ரைசர்' என்னும் பட்டைக் கம்பியால் இணைத்த அமைப்பு அதன் சிறப்பு. 'சாண்ட்விச்' என்று அழைக்கப்படும் இந்த முறையைப் பின்னர் வந்த பல பெட்டிகள் பின்பற்றின.

2020இல் கூலர் மாஸ்டர் வெளியிட்ட என்ஆர்200 வேறு வழியில் சென்றது. 18.25 லிட்டர். சிறு வடிவ ஆர்வலர்களில் சிலர் இதைச் 'சிறியது' என்று ஒப்புக்கொள்ளவே மறுத்தார்கள். ஆனால் 33 செ.மீ. நீளக் கிராஃபிக்ஸ் கார்டும், 15 செ.மீ. உயரச் செயலிக் குளிர்விப்பானும், மேலும் கீழும் விசிறிகளும் அதில் பொருந்தும். விலையும் ஆர்வலர் பெட்டிகளைவிட வெகு குறைவு. சிறு வடிவக் கணினி ஒரு சிலரின் பொழுதுபோக்கு என்ற நிலையை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

18.25 லிட்டர் என்பது கால்களையும் புடைப்புகளையும் சேர்க்காத கணக்கு. அவற்றையும் சேர்த்தால் அதே பெட்டி 20 லிட்டரைத் தொடும். விளம்பரத்தில் உள்ள லிட்டரை நம்பிப் பை தைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சூடு என்னும் கணக்கு

சுருக்குவதில் பெரிய நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. ஆப்பிள் 2000இல் 'பவர் மேக் ஜி4 கியூப்' என்ற 20 செ.மீ. கனசதுரக் கணினியை வெளியிட்டது. விசிறியே கிடையாது. சூடான காற்று தானே மேலெழும் என்ற இயற்பியலை நம்பிய அமைப்பு. பார்க்க அழகு. விற்பனை சரியாக இல்லாமல் 2001 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதே நிறுவனம் 2013இல் உருளை வடிவ 'மேக் ப்ரோ'வை வெளியிட்டது. பின்னர் வந்த சூடு மிகுந்த கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு அந்த உருளை இடம் தரவில்லை என்பதை 2017இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பெட்டியை முதலில் தீர்மானித்துவிட்டு உறுப்புகளை அதற்குள் திணித்ததன் விளைவு.

கணக்கு எளியது. செயலி 65 வாட், கிராஃபிக்ஸ் கார்டு 200 வாட், மற்றவை சேர்த்து 300 வாட் என்று கொள்ளலாம். கணினி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறும். 10 லிட்டர் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்புகள் ஐந்தை எரியவிடுவதற்கு இது சமம். காற்று உள்ளே வந்து வெளியே போனால் ஒழிய வேறு வழியில்லை.

மேலும் ஒன்று. சில்லின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு, சில்லு கூடுதலாகச் சூடாகும் அளவைக் கூட்டினால் வருவது. 22 டிகிரி அறையில் சோதித்த வெளிநாட்டு மதிப்புரையில் கிராஃபிக்ஸ் கார்டு 75 டிகிரி என்று இருந்தால், அது 53 டிகிரி ஏறியிருக்கிறது என்று பொருள். அதே பெட்டி மே மாதத்தில், குளிர்சாதனம் இல்லாத 37 டிகிரி அறையில் 90 டிகிரியை எட்டும். அந்த நிலையில் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசிறிகள் அலறும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி கோடை முழுவதும் கிடைக்காது. வெளிநாட்டு மதிப்புரை பொய் சொல்லவில்லை. அது வேறு ஊருக்கு எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

பட்டாபிராமில் தேர்வு

பட்டாபிராம் ஆவடி மாநகராட்சியில், சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் உள்ள ஊர். அண்டையிலுள்ள ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961 முதல் இருக்கிறது. பீரங்கி வண்டிகளை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனமும் அங்கேதான். எஞ்சின், ஆயுதம், ஆட்கள் எல்லாவற்றையும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைத்துப் பாலைவனச் சூட்டில் ஓடவைக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இந்தப் பகுதித் தெருக்களில் குடியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இடமும் சூடும் போடும் சண்டையை அவர்களிடம் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா ரூ.330 கோடி செலவில் திறக்கப்பட்ட பின், கணினித் துறையும் ஊருக்கே வந்துவிட்டது.

சென்னையின் அதிகபட்ச வெப்பநிலையாகப் பதிவானது 2003 மே 31 அன்றைய 45 டிகிரி செல்சியஸ். கடற்காற்று மாலையில் நகரின் கிழக்கைத் தணித்த பின்னரே மேற்குப் புறநகரை எட்டும். ஆகவே இங்கே பெட்டி தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது லிட்டரை அன்று, பக்கப் பலகையை. கண்ணாடிப் பலகை வண்ண விளக்கைக் காட்டும், காற்றை விடாது. கம்பி வலை போன்ற துளைப் பலகை காற்றை விடும், கூடவே புழுதியையும். எனவே கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி வேண்டும். சாலைப் பணிகள் ஓயாத பகுதிகளில் அதை மாதம் ஒரு முறையேனும் கழுவ வேண்டியிருக்கும். என்ஆர்200 போன்ற சில பெட்டிகள் இரண்டு வகைப் பலகைகளிலும் கிடைக்கின்றன. கோடைக்குத் துளைப் பலகையே நல்லது.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ், பிறகு குளிர்விப்பான், கடைசியில் பெட்டி என்று காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் நீளத்தால் நுழையாத கார்டோடு திண்டாடுகிறார்கள். ஒரு மாணவனின் ஓராண்டுச் சேமிப்பு இதில் சிக்கிக்கொள்ளும். டான் ஏ4 பெட்டியில் செயலிக் குளிர்விப்பானுக்கு 4.8 செ.மீ. உயரமே உண்டு. வீரியமான செயலியை அதில் வைப்பது விரயம். என்கேஸ் எம்1இல் 13 செ.மீ. உண்டு. ஐந்து லிட்டர் வித்தியாசம் இப்படித்தான் செலவாகிறது.

கிராஃபிக்ஸ் கார்டுகள் ஆண்டுக்கு ஆண்டு பருத்து வந்ததால் சிறு பெட்டிக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, என்விடியா 2024 ஜூனில் ஓர் அளவு வரையறையை அறிவித்தது: நீளம் 30.4 செ.மீ., மின்கம்பி வளைவு உட்பட உயரம் 15.1 செ.மீ., தடிமன் 5 செ.மீ. இதற்குள் அடங்கும் கார்டுகள் 'எஸ்எஃப்எஃப்-ரெடி' என்று குறிக்கப்படுகின்றன. கம்பி வளைவையும் சேர்த்தது நல்ல காரியம். கார்டு நுழைந்தும் கம்பி மடங்காமல் மூடி சாத்த முடியாத பெட்டிகள் ஏராளம். இந்த வரையறையின் உச்ச அளவுக் கார்டு ஒன்றே 2.3 லிட்டர் பிடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 0.8, பலகைக்கும் குளிர்விப்பானுக்கும் ஏறக்குறைய 2 என்று வைத்தால் ஐந்து லிட்டர் ஆயிற்று. ஏழு லிட்டர் பெட்டியில் கம்பிகளுக்கும் காற்றுக்கும் சேர்ந்து எஞ்சுவது இரண்டே லிட்டர். பதினைந்து லிட்டர் பெட்டியில் பத்து. சென்னைக்கு எது ஏற்றது என்பதை இந்தக் கழித்தல் கணக்கே சொல்லிவிடும்.

சாண்ட்விச் பெட்டியை விரும்புவோர் ரைசர் கம்பியின் தலைமுறையைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய மூன்றாம் தலைமுறைக் கம்பியில் நான்காம் தலைமுறைக் கார்டைப் பொருத்தினால் திரை இருண்டுபோவதும், ஆட்டம் நடுவே நின்றுவிடுவதும் உண்டு. பயாஸ் அமைப்பில் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

ரிச்சி தெருவும் சட்டமும்

பட்டாபிராமிலிருந்து மூர் மார்க்கெட் வளாக நிலையத்துக்கு மின்சார ரயில் சுமார் 25 கி.மீ. ஓடுகிறது. அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு அதிகத் தொலைவில்லை. வானொலி உதிரிகளுக்குப் பெயர்பெற்ற அத்தெரு, 1984இல் ஒன்றிய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு படிப்படியாகக் கணினித் தெருவானது. 'அசெம்பிள்' கணினி என்ற சொல்லைச் சென்னைக் குடும்பங்கள் கற்றுக்கொண்ட இடம் இது. 1997இல் சென்னையில் தொடங்கிய ஜெப்ரானிக்ஸ் உட்படப் பல இந்திய வணிகப் பெயர்களில் கேபினெட்டுகள் இங்கே குவிந்தன. எஸ்எம்பிஎஸ் சேர்த்தே கேபினெட் விற்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். பெரிய பெட்டிக்கு அது ஓரளவு ஒத்துவந்தது. சிறு பெட்டிக்கு ஒவ்வாது. இங்கே எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே, நம்பத்தக்க தயாரிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் விலை பெட்டியின் விலையை மிஞ்சுவதும் உண்டு.

சட்டத்திலும் சிறு கணினிக்கு இடம் கிடைத்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 3 அன்று வெளிநாட்டு வணிக இயக்குநரகம், மடிக்கணினி, டேப்லெட், ஒருங்கிணைந்த கணினி, வழங்கி ஆகியவற்றோடு 'அதிசிறு வடிவக் கணினி'களின் இறக்குமதியையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. எதிர்ப்பு எழவே நடைமுறை தள்ளிவைக்கப்பட்டு, நவம்பர் 1 முதல் இணையவழி அனுமதி முறை வந்தது. அஞ்சலில் ஒன்றே ஒன்று வரவழைப்போருக்கும், பயணப் பெட்டியில் கொண்டுவருவோருக்கும் விலக்கு உண்டு, உரிய வரி மட்டும் செலுத்த வேண்டும். இந்தக் கட்டுப்பாடு முழுக் கணினிகளைப் பற்றியது. வெறும் கேபினெட்டோ தாய்ப்பலகையோ இதில் சேராது.

தூக்கிச் செல்லும்போது

உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ, 55 × 35 × 25 செ.மீ. ஆஸ்போர்ன் 1 அளவில் தேறும், எடையில் தோற்றுவிடும். இன்றைய பத்து லிட்டர் அலுமினியக் கணினி எடையிலும் தேற வாய்ப்புண்டு. ஆனால் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை தனிச் சுமை. தினமும் கல்லூரிக்குக் கணினி எடுத்துச் செல்பவருக்கு விளையாட்டு மடிக்கணினியே பொருத்தம். விடுதிக்கும் வீட்டுக்கும் ஆண்டில் நான்கைந்து முறை மாறுபவருக்கு, போகும் இடத்தில் திரை இருந்தால், சிறு பெட்டி மேலானது. பழுதானால் ஓர் உறுப்பை மட்டும் மாற்றலாம், நான்கு ஆண்டு கழித்துக் கார்டை மட்டும் புதுப்பிக்கலாம்.

நெரிசல் நேர மின்சார ரயிலில் கைப்பிடி இல்லாத பெட்டியைத் தவிர்ப்பது நல்லது. முதுகுப் பையானால் அடியில் நுரை வைத்தது வேண்டும். சாண்ட்விச் அமைப்பில் கிராஃபிக்ஸ் கார்டு சட்டத்தோடு திருகி நிற்பதால் குலுக்கலைத் தாங்கும். வழக்கமான அமைப்பில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கார்டு, பலகையின் செருகியில் நீட்டிக்கொண்டு நிற்கும். வேகத்தடைகள் நிறைந்த சாலையில் ஆட்டோவில் போகும்போது அந்தச் செருகிதான் முதலில் விரிசல் விடும். நீண்ட பயணம் என்றால் கார்டைக் கழற்றி, நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, தனியே துணிகளுக்கு இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்து மீண்டும் பொருத்தப் பத்து நிமிடமும் ஒரு நட்சத்திரத் தலைத் திருப்புளியும் போதும்.